கையில ரெண்டு அட்மிட், மே 1க்குள்ள ஒண்ணுக்கு சரி சொல்லணும்

கேள்வி: அக்கா வணக்கம். நான் கரூர். ப்ளஸ் டூ காமர்ஸ் வித் கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ். அமெரிக்கால பிசினஸ் டிகிரிக்கு அப்ளை பண்ணதுல ரெண்டு இடம் கெடச்சிருக்கு. ஒண்ணு இண்டியானா யுனிவர்சிட்டி ப்ளூமிங்டன், கெல்லி ஸ்கூல் ஆஃப் பிசினஸ், ஃபைனான்ஸ் எடுக்கலாம்னு இருக்கேன், ஸ்காலர்ஷிப் இல்ல, தங்குறது சாப்பாடு எல்லாம் சேத்து வருஷத்துக்கு 63,000 டாலர். இன்னொண்ணு அரிசோனா ஸ்டேட், டெம்பி கேம்பஸ், டபிள்யூ.பி. கேரி ஸ்கூல்ல சப்ளை செயின், 60,000ல 14,000 ஸ்காலர்ஷிப் போக 46,000 டாலர். அப்பா ஹோம் டெக்ஸ்டைல் எக்ஸ்போர்ட் பண்றார், பாதி கையில இருந்து போட்டுடலாம் பாதி லோன்னு சொல்றார். படிச்சு முடிச்சு அங்க ரெண்டு மூணு வருஷம் வேலை பாத்துட்டு வந்து கம்பெனியைப் பாத்துக்கணும்னு எனக்கு ஆசை. பெரியப்பா பையன் ரேங்க்கைப் பாரு, கெல்லியை விடாதேங்கறான். எனக்கு ரெண்டு நாளா தூக்கமே வரல அக்கா.
— கரூர் வாசகி

பதில்: முதல்ல தூங்கு கண்ணு. ரெண்டுமே நல்ல இடம், ரெண்டுக்கும் பிசினஸ் ஸ்கூலுக்குன்னு குடுக்கற ஏஏசிஎஸ்பி அங்கீகாரம் இருக்கு, எதை எடுத்தாலும் உன் படிப்பு வீணாப் போகாது. தப்பாப் போக வாய்ப்பு இருக்கறது பணத்துலயும் விசாவுலயும்தான், அதனால அதையே முதல்ல பேசிடறேன்.

டாலர் 88 ரூபாய்னு வச்சுக்குவோம். இண்டியானா நாலு வருஷத்துக்கு 2,52,000 டாலர், கிட்டத்தட்ட 2 கோடியே 22 லட்சம். அரிசோனா 1,84,000 டாலர், 1 கோடியே 62 லட்சம். வித்தியாசம் 60 லட்சம். இந்த 60 லட்சத்தை மட்டும் 10.5 சதவீத வட்டிக்கு பத்து வருஷத்துக்கு வாங்குனா மாசத் தவணை 81,000 ரூபாய் வருது, படிக்கிற நாலு வருஷத்துல ஏறுற வட்டியை நான் இதுல சேக்கவே இல்ல. ஃபீஸ் வருஷா வருஷம் ஏறும், டாலரும் ஏறும். 2021 ஆகஸ்ட்ல டாலர் 74 ரூபாய் பக்கம் இருந்துச்சு, 2025 ஆகஸ்ட்ல 88ஐத் தொட்டுடுச்சு. அன்னைக்கு பிள்ளையை அனுப்புன வீடுகள்ல முதல் வருஷத்துக்குப் போட்ட கணக்கு நாலாவது வருஷத்துக்கு ஒத்தே வரல.

உங்க வீட்ல ஒரு விசேஷம் என்னன்னா அப்பாவுக்கு வருமானமே டாலர்ல வருது, டாலர் ஏறுனா மத்த வீடு மாதிரி பயப்பட வேண்டாம். ஆனா சரக்கு வாங்கற அமெரிக்க பையரை நம்பித்தான் வருமானமும் இருக்கு. 2025 ஆகஸ்ட் 27ல இருந்து இந்தியச் சரக்குக்கு 50 சதவீத வரின்னு வந்தப்போ கரூர்லயும் திருப்பூர்லயும் ஆர்டர் என்ன ஆச்சுன்னு உனக்கு நான் சொல்லணுமா, நீ வீட்லயே பாத்திருப்ப. உன் ஃபீஸ், அப்பாவோட ஆர்டர், நாளைக்கு உன் வேலை, மூணுமே ஒரே நாட்டோட முடிவுல தொங்குது. அதனாலதான் உன்ன மாதிரி வீட்டுக்கு கடன் கம்மியா இருக்கற வழிதான் சரின்னு நான் அழுத்திச் சொல்றேன்.

இதை நான் ஏட்டுல படிச்சுட்டு சொல்லல. 2007ல எம்பிஏ படிக்கப் போனேன், 2009ல முடிச்சேன், அப்போ வேலை மார்க்கெட் எப்படி இருந்துச்சுன்னு உங்க அப்பாவைக் கேட்டா தெரியும். வேலைன்னு லெட்டர் குடுத்த ஒரு கம்பெனி நான் சேர மூணு வாரம் இருக்கறப்போ ஆஃபரைத் திரும்ப எடுத்துக்குச்சு. ஓபிடில, அதாவது படிப்பு முடிச்ச மாணவருக்கு அங்க வேலை பாக்கக் குடுக்கற அனுமதில, வேலை இல்லாம 90 நாளுக்கு மேல இருக்கக்கூடாது, நாளை எண்ணி எண்ணி ராத்திரி எல்லாம் முழிச்சுக் கிடந்தேன், கடைசில கெளம்பி வந்துட்டேன். கோயம்புத்தூர்ல 28,000 ரூபாய் சம்பளம், மாசத் தவணை 22,000. ஈரோட்டு வீட்டுப் பத்திரம் பேங்க்ல. அப்பா ஒரு வார்த்தை கடிஞ்சு பேசல, அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமா இருந்துச்சு. அந்தக் கடனை அடைக்க ஒன்பது வருஷம் ஆச்சு. அதனால யார் என்கிட்ட கேட்டாலும் முதல்ல நான் திருப்பிக் கேக்கறது இதுதான், பட்டம் வாங்குன மறுநாளே ஊருக்குத் திரும்ப வேண்டியதாப் போனா இந்தக் கடனை இங்க இருந்துக்கிட்டே கட்ட முடியுமா? முடியும்னா போ. முடியாதுன்னா அந்த யுனிவர்சிட்டி எவ்வளவு பெருசா இருந்தாலும் உனக்கு அது வேண்டாம்.

இப்போ விசா. இதுல ஒரு விஷயம் பிசினஸ் படிக்கப் போற பிள்ளைங்க பாதிப் பேருக்குத் தெரியறதே இல்ல. டிகிரி முடிச்சா எல்லாருக்கும் ஓபிடி 12 மாசம். ஸ்டெம்னு, அதாவது சயின்ஸ், டெக்னாலஜி, இன்ஜினியரிங், கணக்கு சம்பந்தப்பட்டதுன்னு, அமெரிக்க அரசு போட்ட லிஸ்ட்ல இருக்கற படிப்பா இருந்தா மட்டும் இன்னும் 24 மாசம் சேத்து மூணு வருஷம், அதுக்கும் வேலை குடுக்கற கம்பெனி இ-வெரிஃபைங்கற அரசு சரிபார்ப்பு முறைல பதிஞ்சிருக்கணும். ஸ்டெம்மா இல்லையான்னு முடிவு பண்றது யுனிவர்சிட்டியோட பேரும் இல்ல, நீ எத்தனை கணக்கு பேப்பர் எழுதுனங்கறதும் இல்ல, விசாவுக்காக காலேஜ் குடுக்கற ஐ-20 ஃபார்ம்ல உன் மேஜர், அதாவது முக்கியப் பாடம், பேருக்குப் பக்கத்துல ஆறு இலக்கத்துல சிஐபி கோடுன்னு அந்தப் படிப்போட வகையைச் சொல்ற நம்பர் ஒண்ணு இருக்கும், அதுதான். சாதாரண ஃபைனான்ஸ் 52.0801, அது லிஸ்ட்ல இல்ல. பொது பிசினஸ் அட்மினிஸ்ட்ரேஷன் 52.0201, இல்ல. இன்டர்நேஷனல் பிசினஸ் 52.1101, அதுவும் இல்ல, நாம வெளிநாட்டு ஸ்டூடண்ட் நமக்கு இதுதான் பொருத்தம்னு நெனச்சு அதை எடுத்துட்டு அப்புறம் கஷ்டப்படறவங்க இருக்காங்க. மேனேஜ்மென்ட் சயின்ஸ் 52.1301, பிசினஸ் ஸ்டேடிஸ்டிக்ஸ் 52.1302, இது ரெண்டும் லிஸ்ட்ல இருக்கு. ஒரே மாதிரி பேர் வச்ச படிப்புக்கு ஒரு யுனிவர்சிட்டி ஒரு கோடு போடும், இன்னொண்ணு வேற கோடு போடும். அதனால ரெண்டு பக்கமும் இன்னைக்கே மெயில் போடு, நான் எடுக்கப் போற மேஜரோட சிஐபி கோடு என்ன, அது ஸ்டெம் லிஸ்ட்ல இருக்கா, ரெண்டாவது மேஜரா அனலிடிக்ஸ் சேத்துக்க முடியுமான்னு கேளு. எழுத்துல பதில் வாங்கு, ஃபோன்ல சொன்னது கணக்குல வராது.

மூணு வருஷம் ஏன் அவ்வளவு முக்கியம்னா ஹெச்-1பிங்கற வேலை விசாவுக்கான குலுக்கல் வருஷத்துக்கு ஒரு தடவை மார்ச்லதான் நடக்குது. மொத்தம் 65,000 இடம், அமெரிக்கால மாஸ்டர்ஸ் படிச்சவங்களுக்கு தனியா 20,000. நீ படிக்கப் போறது பேச்சலர்ஸ், உனக்கு அந்த 20,000ல பங்கு கிடையாது. 2025 மார்ச்ல தகுதியான பதிவு மட்டும் சுமார் 3 லட்சத்து 44 ஆயிரம், தேர்வானது சுமார் 1 லட்சத்து 20 ஆயிரம். ஸ்டெம் இருந்தா மூணு தடவை பேர் போடலாம், இல்லன்னா ஒண்ணு, ரொம்பப் போனா ரெண்டு. அப்புறம் 2025 செப்டம்பர்ல 1 லட்சம் டாலர் கட்டணம்னு ஒரு அறிவிப்பு வந்துச்சே, எல்லாரும் பயந்தாங்களே, அது வெளிநாட்டுல இருக்கற ஆளுக்குப் போடற புது மனுவுக்கு, அங்கயே மாணவர் விசால இருந்து மாறுறவங்களுக்குப் பொருந்தாதுன்னு அக்டோபர்ல விளக்கம் குடுத்தாங்க. இதுல இருந்து நீ புரிஞ்சுக்க வேண்டியது, ஒரு தடவை ஊருக்கு வந்துட்டு அப்புறமா வேலை தேடிப் போயிக்கலாம்னு இருந்த வழி இப்போ கிட்டத்தட்ட அடைச்சாச்சு. நீ நாலு வருஷம் கழிச்சுப் போய் நிக்கறப்போ சட்டம் வேற மாதிரி இருக்கும், நல்லதாவும் மாறலாம் கெட்டதாவும் மாறலாம், அதை நம்பி 60 லட்சம் போடறது எனக்கு சரியாப் படல.

சரி, படிப்பைப் பாப்போம், அதுவும் முக்கியம்தானே. கெல்லியோட பேர் சும்மா வந்தது இல்ல. 1920ல ஆரம்பிச்ச ஸ்கூல், அமெரிக்காவோட இளங்கலை பிசினஸ் ஸ்கூல் பட்டியல்ல முதல் 10 இடத்தை ஒட்டியே வருஷக்கணக்கா இருக்கு. அங்க ஐ-கோர்னு ஒண்ணு வச்சிருக்காங்க, மூணாவது வருஷத்துல ஃபைனான்ஸ், மார்க்கெட்டிங், ஆபரேஷன்ஸ் எல்லாத்தையும் ஒரே செமஸ்டர்ல ஒண்ணாப் படிச்சு ஒரு டீமா ஒரு பெரிய கேஸை முடிச்சுக் குடுக்கணும், அந்த செமஸ்டர்ல தூக்கம் போயிடும், ஆனா ஒரு கம்பெனியை முழுசாப் பாக்கற கண்ணு வந்துடும்னு படிச்சவங்க எல்லாரும் சொல்வாங்க. பெரிய ஆடிட் கம்பெனிங்க, கன்சல்டிங் கம்பெனிங்க, பேங்க்குங்க கேம்பஸுக்கே வந்து ஆள் எடுக்கறாங்க. நீ அமெரிக்கப் பிள்ளையா இருந்தா கண்ணை மூடிக்கிட்டு போன்னு சொல்லியிருப்பேன். ஆனா வேலை ஃபார்ம்ல "இப்போதோ எதிர்காலத்திலோ உங்களுக்கு விசா ஸ்பான்சர்ஷிப் தேவைப்படுமா"ன்னு ஒரு கேள்வி இருக்கும், ஆமான்னு டிக் பண்ணதும் பாதி கம்பெனி அங்கயே கதவைச் சாத்திடும். ரேங்க் பட்டியல் எந்தப் பிள்ளையோட பாஸ்போர்ட்டையும் பாத்துப் போடறது இல்ல. ஸ்கூலோட பிளேஸ்மென்ட் சதவீதத்துல வெளிநாட்டுப் பிள்ளைங்களுக்கு மட்டும் எவ்வளவுன்னு தனியாக் கேளு, குடுக்கறாங்களா பாரு. அந்த ஒரு நம்பர்தான் உனக்கு வேணும்.

உன் லெட்டர்ல இன்னொண்ணும் பாரு. கெல்லிக்கு நேரடி அட்மிஷனா, இல்ல யுனிவர்சிட்டிக்கு அட்மிஷன் குடுத்து ப்ரீ-பிசினஸ்னு போட்டிருக்காங்களா? நீ எழுதுனதுல அது தெளிவா இல்ல. ப்ரீ-பிசினஸ்னா முதல் வருஷம் சில பேப்பர்ல நல்ல கிரேடு வாங்கிட்டு மறுபடியும் கெல்லிக்கு அப்ளை பண்ணணும், கெடைக்கலன்னா 63,000 டாலர் கட்டிட்டு வேற மேஜர் படிக்க வேண்டியதாயிடும். அப்படி இருந்தா இந்தக் கேள்விக்கு இங்கயே பதில் முடிஞ்சுது, அரிசோனாதான்.

அரிசோனா ஸ்டேட் பெரிய கடல். ஃபீனிக்ஸ் சுத்தி இருக்கற கேம்பஸ்ல மட்டும் 75,000 பேருக்கு மேல படிக்கறாங்க, யாரும் உன்னக் கைப்பிடிச்சுக் கூட்டிட்டுப் போக மாட்டாங்க, நீயாத்தான் போய் ப்ரொஃபசர் ரூம் கதவைத் தட்டணும். அந்த சுபாவம் உனக்கு இருக்கான்னு யோசி. ஆனா சப்ளை செயின்ல அந்த ஸ்கூல் பேர் சொல்லும், அந்தப் படிப்புக்குன்னு தனியாப் போடற ரேங்க்ல வருஷா வருஷம் முதல் சில இடத்துல அவங்க இருப்பாங்க. சுத்தி வேலையும் இருக்கு, சாண்ட்லர்ல இன்டெல், ஃபீனிக்ஸ் வடக்குல டிஎஸ்எம்சி சிப் ஃபேக்டரி.

அதுக்கும் மேல நீ யார்னு யோசிச்சுப் பாரு. கரூர்ல நெய்த பெட்ஷீட்டும் கிச்சன் டவலும் தூத்துக்குடில கன்டெய்னர் ஏறி, கொழும்புல கப்பல் மாறி, எங்கயோ போய் ஒரு அமெரிக்கக் கடை அலமாரில உக்காருது. நடுவுல யார் எவ்வளவு எடுக்கறாங்க, பையர் ஏன் 90 நாள் கழிச்சுப் பணம் தர்றான், ஏன் மூணு நாள் லேட்டானா டிஸ்கவுன்ட் கேக்கறான், அவன் கிடங்குல சரக்கு எத்தனை நாள் நிக்குது, இதெல்லாம் தெரிஞ்சுக்கிட்டு வர்ற பொண்ணு உங்க யூனிட்டுக்கு வேணுமா, இல்ல வால் ஸ்ட்ரீட்ல எக்செல் போட்டுட்டு வர்ற பொண்ணு வேணுமா? நீயே எழுதியிருக்க, திரும்பி வந்து கம்பெனியைப் பாத்துக்கணும்னு. அப்போ உனக்கு சப்ளை செயின்தான். கெல்லிலயும் சப்ளை செயின் உண்டு, நல்லாவே இருக்கும், ஆனா 60 லட்சம் கூடக் குடுத்துப் படிக்கற அளவுக்கு வித்தியாசம் இல்ல.

ஊரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை. ப்ளூமிங்டன் சுண்ணாம்புக்கல் கட்டடமும் மரமுமா கண்ணுக்கு அழகான சின்ன ஊர், இண்டியானாபோலிஸ்ல இருந்து 80 கிலோமீட்டர், டிசம்பர்ல பனி. டெம்பி வெயில் கரூர் வெயிலுக்கு அக்கா, 2023ல ஃபீனிக்ஸ்ல தொடர்ந்து 31 நாள் 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 டிகிரிக்கு மேல அடிச்சுச்சு. ஆனா கோடைல நீ ஊருக்கு வந்திருப்ப இல்ல இன்டர்ன்ஷிப்ல ஏசில இருப்ப. இதை வச்சு முடிவு பண்ணாத.

ஆக நான் சொல்றது அரிசோனா. ஆனா சரி சொல்றதுக்கு முன்னாடி ஸ்காலர்ஷிப் லெட்டரை அப்பாவோட உக்காந்து ரெண்டு தடவை படி, அது நாலு வருஷத்துக்கா, ஜிபிஏ, அதாவது மார்க் சராசரி, எதுக்குக் கீழ போனா நிறுத்துவாங்க, பெரும்பாலும் 3.0 இருக்கும், வருஷத்துக்கு எத்தனை கிரெடிட் முடிக்கணும், எல்லாம் அதுல இருக்கும். பிசினஸ் ஸ்கூலுக்குன்னு தனிக் கட்டணம், ஹெல்த் இன்சூரன்ஸ், இது ரெண்டும் அந்த 60,000ல சேந்திருக்கான்னு கேளு. கெல்லிக்கும் ஒரு மெயில் போடு, இன்னொரு இடத்துல இவ்வளவு ஸ்காலர்ஷிப் கெடச்சிருக்கு, உங்களால ஏதாவது செய்ய முடியுமான்னு மரியாதையாக் கேட்டா தப்பே இல்ல, வருஷத்துக்கு 15,000 டாலர் கொறைச்சாங்கன்னா, சப்ளை செயினும் எடுக்க முடியும்னா, கெல்லிக்கே போ, நானே சந்தோஷமா அனுப்பி வைப்பேன்.

செலவைக் குறைக்க ஒரு வழி சொல்றேன். ஃபீனிக்ஸ் பக்கம் மரிகோப்பா கம்யூனிட்டி காலேஜுன்னு பத்து காலேஜ் இருக்கு, பொதுப் பேப்பர் சிலதை கோடை லீவுல அங்க படிச்சு கிரெடிட்டை மாத்திக்கலாம், வெளிநாட்டுப் பிள்ளைக்குமே யுனிவர்சிட்டி ஃபீஸைவிட ரொம்பக் கம்மி. இண்டியானாலயும் ஐவி டெக்னு இதே மாதிரி உண்டு. எந்தப் பேப்பர் ஒத்துக்குவாங்கன்னு அட்வைசரைக் கேட்டு, வெளிநாட்டு மாணவர் ஆபீஸ்லயும் சொல்லிட்டு சேரணும். பணம் அனுப்பறப்போ கல்விக் கடன்ல இருந்து போற பணத்துக்கு டிசிஎஸ்ங்கற முன்கூட்டிய வரியைப் பிடிக்க மாட்டாங்க, சொந்தப் பணம் வருஷத்துக்கு 10 லட்சத்துக்கு மேல போனா பிடிப்பாங்க, ரிட்டர்ன் போட்டு சரிக்கட்டிக்கலாம். கடன் வட்டிக்கு எட்டு வருஷம் வரி விலக்கு இருக்கு, ஆனா பழைய வரி முறைல இருந்தாத்தான். இதை உங்க ஆடிட்டர்கிட்ட இப்பவே பேசிடுங்க.

கேள்வி: ரெண்டு காலேஜ்லயும் ஐ-20 வாங்கிட்டேன். எந்த ஐ-20க்கு முதல்ல விசா தேதி கெடைக்குதோ அதுல விசா வாங்கிட்டு, அப்புறம் புடிச்ச காலேஜ்ல சேந்துக்கலாம்னு ஃப்ரெண்டு சொல்றான். செய்யலாமா?
— திருச்சி வாசகர்

பதில்: வேண்டாம் தம்பி. விசால நீ காட்டுன காலேஜ் பேர் இருக்கும், முதல் தடவை நாட்டுக்குள்ள போறப்போ அந்தக் காலேஜுக்குத்தான் போறேன்னு நிக்கணும், ஏர்போர்ட்ல வேற ஐ-20 நீட்டுனா அங்கயே உக்கார வச்சுக் கேள்வி கேப்பாங்க, திருப்பியும் அனுப்பலாம். எங்க சேரப் போறியோ அதை முடிவு பண்ணிட்டு அந்த ஐ-20ல இருக்கற செவிஸ் நம்பருக்கு, அதாவது வெளிநாட்டு மாணவர் பதிவு எண்ணுக்கு, 350 டாலர் கட்டிட்டு, சென்னைல ஜெமினி மேம்பாலம் பக்கம் இருக்கற அமெரிக்கத் துணைத் தூதரகத்துக்குப் போ. ஏற்கனவே வேற ஐ-20க்கு ஃபீஸ் கட்டியிருந்தா அதைப் புது நம்பருக்கு மாத்தச் சொல்லிக் கேக்கலாம், மறுபடி கட்ட வேண்டியதில்ல. இன்டர்வியூல ஏன் இந்தக் காலேஜ்னு கண்டிப்பாக் கேப்பாங்க. நீ நிஜமாவே யோசிச்சு எடுத்த முடிவா இருந்தா ரெண்டு வரில தெளிவாச் சொல்லிடுவ, தேதி கெடச்சதுக்காக எடுத்ததுன்னா தடுமாறுவ, அது அவங்களுக்குத் தெரிஞ்சிடும். இன்னொண்ணு, 2025 ஜூன்ல இருந்து மாணவர் விசாவுக்கு சோஷியல் மீடியா கணக்கை எல்லாரும் பாக்கற மாதிரி திறந்து வைக்கச் சொல்றாங்க, அதையும் இப்பவே பண்ணிடு.

கேள்வி: பி.காம் முடிச்சு ரெண்டு வருஷம் ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன். டல்லாஸ் பக்கம் யுனிவர்சிட்டி ஆஃப் டெக்சாஸ்ல பிசினஸ் அனலிடிக்ஸ் எம்.எஸ்., நியூயார்க் பரூக் காலேஜ்ல இன்ஃபர்மேஷன் சிஸ்டம்ஸ் எம்.எஸ்., ரெண்டும் கெடச்சிருக்கு. நியூயார்க்னா வாய்ப்பு ஜாஸ்தின்னு மனசு அங்க போகுது. வீட்ல வசதி கம்மி.
— திருநெல்வேலி வாசகர்

பதில்: உன் விஷயம் கரூர் தங்கச்சி மாதிரி இல்ல தம்பி, நீ எடுக்கறது மாஸ்டர்ஸ், ரெண்டுமே அரசு யுனிவர்சிட்டி, அதனால அந்தத் தனி 20,000 இடத்துலயும் உனக்குப் பங்கு உண்டு. ரெண்டு படிப்புக்கும் கோடு என்னன்னு மேல சொன்ன மாதிரி எழுதி வாங்கு, மாஸ்டர்ஸ்லயும் இதை விடக் கூடாது.

பரூக் மன்ஹாட்டன் நடுவுல லெக்சிங்டன் அவென்யூல இருக்கு, நியூயார்க் நகரத்தோட அரசு யுனிவர்சிட்டி குடும்பம், அந்த ஊர்ல இருக்கற தனியார் யுனிவர்சிட்டி ஃபீஸோட ஒப்பிட்டா பாதிகூட வராது. நடந்து போற தூரத்துல பேங்க், ஆடிட் கம்பெனி, விளம்பரக் கம்பெனி எல்லாம். சாயந்திரம் ஒரு மீட்டிங்குக்குப் போய் நாலு பேரைப் பாத்துட்டு வரலாம், டல்லாஸ்ல அது கார் இல்லாம நடக்காது. ஆனா வாடகைதான் ஆளைத் தின்னுடும். க்வீன்ஸ்ல நாலு பசங்களோட ஒரு வீட்டைப் பகிர்ந்துக்கிட்டு சப்வேல ஒரு மணி நேரம் வந்து போறதுதான் பெரும்பாலும் நடக்கறது. வேலை கெடச்சாலும் மாநில வரி, நகர வரின்னு ரெண்டு தனியாப் பிடிப்பாங்க. டெக்சாஸ்ல மாநில வருமான வரியே கிடையாது.

டல்லாஸ்னு சொன்னாலும் அந்த யுனிவர்சிட்டி இருக்கறது வடக்க ரிச்சர்ட்சன்ல. பிசினஸ் ஸ்கூலுக்கு நவீன் ஜிண்டால் பேர் வச்சிருக்காங்க, அவர் அங்க எம்பிஏ படிச்சவர், 2011ல பேர் மாத்துனாங்க. பக்கத்து ப்ளேனோல டொயோட்டாவோட வட அமெரிக்கத் தலைமையகம், ஜேபி மார்கன், கேபிடல் ஒன் எல்லாம் பெரிய ஆபீஸ் வச்சிருக்காங்க. நம்ம ஊர்ப் பிள்ளைங்க அந்தப் படிப்புல ரொம்ப ஜாஸ்தி, அதுல நல்லதும் இருக்கு கெட்டதும் இருக்கு. ரூம், சமையல், யார் எந்தக் கம்பெனில ஸ்பான்சர் பண்றாங்கங்கற தகவல், எல்லாம் ஈஸியாக் கெடைக்கும். ஆனா ஒரு வேலைக்கு ஒரே படிப்பு ஒரே மாதிரி ரெஸ்யூமேல நூறு பேர் நிப்பீங்க. உன்கிட்ட ஒண்ணு இருக்கு, அந்த ரெண்டு வருஷ ஆடிட்டர் ஆபீஸ். பேலன்ஸ் ஷீட்டைப் படிக்கத் தெரிஞ்ச அனலிடிக்ஸ் ஆள் அந்த நூறு பேர்ல அஞ்சு பேர்கூட இருக்க மாட்டாங்க, அதை ரெஸ்யூமேல மேல போடு, ஒளிச்சு வைக்காத.

வசதி கம்மின்னு எழுதியிருக்க. அப்போ ஃபீஸை மட்டும் பாக்காம ஃபீஸும் வாடகையும் சேத்த மொத்தத்தைப் பாரு. நான் பாத்த வரைக்கும் டல்லாஸ்ல ரெண்டு செமஸ்டருக்கு அப்புறம் பழைய கார் ஒண்ணு வாங்கற காசு சேந்தாலும் மொத்தம் கம்மியாத்தான் வருது, ஸ்காலர்ஷிப் வந்து வெளிமாநில ஃபீஸ் குறைஞ்சதுன்னா இன்னும் கம்மி. அந்த மொத்தத்தைப் போட்டுப் பாத்து நியூயார்க் 5 லட்சத்துக்குள்ளதான் கூட வருதுன்னா உன் மனசு சொல்ற மாதிரி பரூக்கே போ, அதுக்கு மேல போனா டல்லாஸ். கேம்பஸ்ல வாரம் 20 மணி நேரம் வேலை பாத்து ஃபீஸ் கட்டிடலாம்னு யாராவது சொன்னா நம்பாத, அது சாப்பாட்டுக்கும் ஃபோனுக்கும்தான் சரியா இருக்கும். வெளில கடைல கைல காசு வாங்கிட்டு வேலை பாக்கறது விசாவையே காலி பண்ணிடும்.

கேள்வி: எங்க கன்சல்டன்சிக்காரர் என் மகளுக்கு வந்த ரெண்டு அட்மிட்ல ஒண்ணை மட்டும் வற்புறுத்தறார். இன்னொண்ணு சரியில்லங்கறார், ஏன்னு கேட்டா அனுபவத்துல சொல்றேங்கறார். நம்பலாமாங்க?
— மதுரையிலிருந்து ஒரு அம்மா

பதில்: அம்மா, அவர் நல்லவராவே இருக்கலாம், ஆனா பல அமெரிக்க யுனிவர்சிட்டிங்க பிள்ளையைச் சேத்து விடற ஏஜென்டுக்கு கமிஷன் தர்றாங்க, சிலது தர்றதே இல்ல. தர்ற இடத்தைத்தான் அவங்க ஜாஸ்தி சொல்வாங்க, அது அவங்க பொழப்பு. எனக்கும் 2007ல ஒருத்தர் இப்படித்தான் சொன்னார், நானும் எங்கப்பாவும் ஒரு கேள்வி கேக்காம தலையாட்டிட்டு வந்தோம். நீங்க நேராவே கேட்டுடுங்க, இந்த ரெண்டு காலேஜ்ல எது உங்களுக்குக் கமிஷன் தருதுன்னு. கேக்கறதுல மரியாதைக் குறைவு ஒண்ணும் இல்ல, ஃபீஸ் கட்டப் போறது நீங்க. அப்புறம் மகளோட அட்மிஷன் அக்கவுன்ட் எந்த மெயில் ஐடில இருக்குன்னு பாருங்க, கன்சல்டன்சி மெயில் ஐடின்னா இன்னைக்கே பாஸ்வேர்டை வாங்கி மகளோட சொந்த ஐடிக்கு மாத்தச் சொல்லுங்க, ஸ்காலர்ஷிப் லெட்டர் வந்ததே தெரியாம தேதி தாண்டிப்போன பிள்ளைங்களை எனக்குத் தெரியும். மாத்துனதும் சரியில்லன்னு சொன்ன அந்த ரெண்டாவது காலேஜ்ல இருந்து என்னென்ன மெயில் வந்திருக்குன்னு மகளோட உக்காந்து முழுசாப் படிச்சுப் பாத்துட்டு எனக்கு மறுபடி எழுதுங்க.